வெளுத்ததெல்லாம் பால் அன்று: வெளிர்நிற விலங்குகளும் தமிழ்ச் சொற்களும்



வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவரை வெள்ளந்தி என்று சொல்வது நம் வழக்கு. அப்பழமொழியிலும் வெண்மை இருக்கிறது. அந்தப் பெயரிலும் வெண்மை இருக்கிறது. மொழியியலைத் தொழிலாகக் கொண்ட நாம் விலங்குகளின் நிறத்தைப் பற்றிப் பேச வந்ததற்குக் காரணம் உண்டு. இயல்பான நிறம் இன்றி வெளுத்துப் பிறக்கும் விலங்குகளைக் குறித்துத் தமிழில் எழுதுவோர் இன்று கையாளும் சொற்கள் மிகச் சில. ‘வெள்ளை’ என்பர், ‘அல்பினோ’ என்பர், ‘நிறமிக் குறைபாட்டு நோய்’ என்பர். இம்மூன்றையும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக வைத்தும் எழுதுவர். வெள்ளைப் புலியும் அல்பினோ, வெள்ளை மயிலும் அல்பினோ, நெற்றியில் ஒரு வெண்திட்டுக் கொண்ட காகமும் ‘பாதி அல்பினோ’ என்று ஆகிவிடுகிறது. மாட்டுக்கொட்டகையில் நம் பாட்டன்மார் வழங்கிய சொற்கள் இதைக் காட்டிலும் நுட்பமாக வேறுபாடு கண்டிருந்தன. அச்சொற்களை இழப்பதற்கு முன் அவற்றை அறிவியல் வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும் என்பதே இன்றைய உரையின் நோக்கம்.

பேராக்கிலிருந்தே தொடங்குவோம். வடக்கே கிரியான் வட்டாரத்து நெல்வயல்களிலோ, கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயக்குட்டைக் கரைகளிலோ எருமைகளைப் பார்த்தவர்கள், கரிய மந்தையின் நடுவே இளஞ்சிவப்பு ஓடிய வெண்ணிற எருமை ஒன்று சேற்றில் கிடப்பதையும் பார்த்திருக்கக் கூடும். மலாய் மொழியில் அதற்குக் ‘கெர்பாவ் பாலார்’ என்று பெயர். ‘கெர்பாவ்’ எருமை, ‘பாலார்’ வெளுத்தது. இச்சொல் நம் காதில் ‘பால்’ என்று விழுவது உண்மைதான். ஆயினும் ஓசை ஒத்துப்போவதைக் கொண்டு இரு மொழிக்கும் உறவு கற்பிப்பது மொழியியலாருக்கு அழகன்று. மனிதரைக் குறிக்கப் ‘பூலாய்’ என்ற சொல்லும், தோல் திட்டுத்திட்டாக வெளுப்பதற்குச் ‘சோப்பாக்’ என்ற சொல்லும் மலாயில் தனித்தனியே வழங்குகின்றன. அண்டை வீட்டார் சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் இப்போதைக்குக் குறித்துக்கொள்வோம்.

இந்தப் பாலார் எருமையை ‘அல்பினோ எருமை’ என்று எழுதுவது பிழை. அதன் கண்ணைப் பாருங்கள், கரிய கண். உடலில் ஆங்காங்கே கரும்புள்ளிகளும் இருக்கும். தென்கிழக்காசியச் சதுப்பு எருமைகளில் காணும் இவ்வெண்மைக்குக் காரணம் என்ன என்பது அண்மைக்கால மரபணு ஆய்வுகளால் தெளிவாகியிருக்கிறது. மரபுப் பொருளில் இடம்விட்டு இடம் தாவும் இயல்புடைய துண்டுகள் உண்டு. அத்தகைய ஒரு துண்டு, நிறத்தை ஆளும் மரபணு ஒன்றின் அருகே வந்து அமர்ந்து, அதை அளவுக்கு மீறி இயங்க வைத்துவிட்டது. அதன் விளைவாகத் தோலில் நிறமி உயிரணுக்கள் முதிர்வதில்லை. இது ஓங்கு பண்பு. தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே கன்று வெளுத்துப் பிறக்கும். அல்பினிசமோ இதற்கு நேர்மாறாக, இரு பக்கமும் சேர்ந்து வந்தால் மட்டுமே வெளிப்படும் ஒடுங்கு பண்பு. இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவிலுள்ள தோராஜா மக்கள் ஈமச் சடங்குகளுக்காகப் பெருவிலை கொடுத்து வாங்கும் எருமை இன்னொரு வகை. கருமையும் வெண்மையும் திட்டுத்திட்டாகக் கலந்த அதற்குத் ‘தெடோங் போங்கா’ என்று பெயர். அதற்குக் காரணமான மரபணுவும் வேறு. ஆக, ஒரே எருமை இனத்தில் இரு வெண்மைகள், இரு காரணங்கள், இரு பெயர்கள்.

இவ்விடத்தில் நிறம் எப்படி உண்டாகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவது நல்லது. பாலூட்டிகளின் தோலிலும் மயிரிலும் கண்ணிலும் உள்ள கருமை, பழுப்பு, செம்மை யாவும் மெலனின் என்னும் நிறமியின் வேலை. இந்நிறமி இரு வகை: ஒன்று கருமையும் பழுப்பும் தருவது, மற்றது செம்மையும் மஞ்சளும் தருவது. இவற்றை ஆக்குபவை நிறமி உயிரணுக்கள். டைரோசினேஸ் என்னும் நொதி இல்லாமல் அவற்றால் எதையும் ஆக்க இயலாது. இனி, இந்தத் தொழிற்சாலை மூன்று விதமாக நின்றுபோகலாம். தொழிலாளி இருக்கிறார், கருவி இல்லை, அதுவே அல்பினிசம். தொழிலாளியே அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. அதைத்தான் லூசிசம் என்றும், திட்டுத்திட்டாக நேர்ந்தால் பைபால்ட் என்றும் ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். தொழிலாளியும் உண்டு, கருவியும் உண்டு, சரக்கு மட்டும் குறைவாகவோ நீர்த்தோ வருகிறது; அது நிற நீர்ப்பு. இவை ஒவ்வொன்றுக்கும் உட்பிரிவுகள் பல உள்ளன. வகுப்பறைக்கு இந்த மூன்று போதும்.

முதலாவதை இனங்காட்டுவது கண். அல்பினிசத்தில் கண்ணிலும் நிறமி இல்லாமையால் எலி, முயல் போன்றவற்றில் உள்ளே ஓடும் குருதியின் செந்நிறம் வெளியே தெரிகிறது. மனிதரில் பெரும்பாலும் நீலமாகவோ சாம்பலாகவோ தோன்றும். ‘சிவந்த கண் இல்லையே, எனவே அல்பினோ இல்லை’ என்று மனிதரைப் பற்றிச் சொல்லிவிட முடியாது. நிறமி இன்றி வளரும் விழித்திரை முழுமையாக உருப்பெறுவதில்லை; கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பிழைகளும் வழக்கமான பாதையில் செல்வதில்லை. எனவே பார்வை மங்குகிறது, ஒளி கூசுகிறது. பறவைகளின் நிறப் பிறழ்வுகளை வகைப்படுத்திய இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஹெய்ன் வான் குரோ, காட்டில் வளர்ந்த நிலையில் காணப்படும் வெண்பறவைகளில் உண்மையான அல்பினோ மிக அரிது என்கிறார். பார்வை குன்றிய குஞ்சு நெடுநாள் பிழைப்பதில்லை. ‘பாதி அல்பினோ’ என்ற சொல்லாட்சியையும் அவர் கண்டிக்கிறார். நொதி உடலெங்கும் இல்லை என்பதே அல்பினிசம். அது பாதி உடலில் மட்டும் இல்லாமல் போவதற்கு வழியில்லை. ஆங்கிலத்தில் நேர்ந்த இக்குழப்பத்தை நாம் அப்படியே தமிழுக்குப் பெயர்த்துக்கொண்டோம்.

வெள்ளைப் புலியின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1951இல் மத்திய இந்தியாவின் ரேவா அரசர் மார்த்தாண்ட சிங் காட்டில் பிடித்த ஆண்குட்டிக்கு மோகன் என்று பெயர் சூட்டினார். அதை வழக்கமான நிறமுள்ள பெண்புலியுடன் சேர்த்தபோது பிறந்தவை எல்லாம் செம்மஞ்சள் குட்டிகள். பின்னர் அதன் மகளான ராதாவுடனேயே சேர்த்தனர். 1958இல் நான்கு வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. சென்னை வண்டலூர் உள்ளிட்ட உயிரியல் பூங்காக்களில் மக்கள் கண்டு மகிழும் வெள்ளைப் புலிகளின் வழி இத்தகையது. நெருங்கிய உறவில் இணைத்ததன் விளைவை, மாறுகண் முதலிய குறைகளாக அவ்விலங்குகள் சுமக்கின்றன. பூங்காப் பலகைகளில் ‘அரிய இனம்’ என்று எழுதுவது நமக்கு உடன்பாடன்று, ஏனெனில் அது தனி இனமே அன்று. சொல்லுக்கு வருவோம். வெள்ளைப் புலிக்குக் கரிய கோடுகள் உண்டு, கண் நீலம். எனவே அது அல்பினோ அன்று. 2013இல் அதற்குக் காரணமான மரபணு கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் பார்சிலோனா விலங்குக்காட்சிச் சாலையில் 1966 முதல் 2003 வரை வாழ்ந்த ‘பனித்துளி’ என்ற பொருள்படும் பெயர்கொண்ட வெண்கொரில்லாவின் மரபணுவும் ஆராயப்பட்டது. அதே மரபணுதான், மாற்றம் நிகழ்ந்த இடம் மட்டும் வேறு. அந்தக் கொரில்லா உண்மையான அல்பினோ. தோல் புற்றுநோயால் இறந்தது. ஒரே மரபணுவில் எழுத்து மாறிய இடத்தைப் பொறுத்து ஒன்று அல்பினோ ஆகிறது, ஒன்று ஆகாமல் நிற்கிறது. மொழியியல் மாணவர்களுக்கு இது வியப்பாக இராது. ஒரு சொல்லில் எழுத்து மாறும் இடத்தைப் பொறுத்துப் பொருள் கெடுவதும் கெடாமல் நிற்பதும் நாம் நாளும் காண்பதே.

இனி மாட்டுக்கொட்டகைக்குப் போவோம்.

பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களில் லயங்களுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை இருந்த காலத்தை இங்குள்ள மூத்தோர் அறிவர். பால்மரம் வெட்டிவிட்டு வந்து மாட்டுக்குப் புல்லறுத்த தலைமுறை அது. தமிழர் தம்முடன் மொழியையும் முனியாண்டியையும் மட்டும் கொண்டுவரவில்லை. இந்தியாவிலிருந்து மாடுகளும் கப்பலேறி வந்தன. அவற்றின் கலப்பு வழித்தோன்றல்களை இந்நாட்டுக் கால்நடைத் துறையினர் ‘உள்நாட்டு இந்தியக் கறவை மாடு’ என்ற பொருளில் எல்.ஐ.டி. என்று இன்றும் வகைப்படுத்துகின்றனர். மாட்டுடன் மாட்டின் நிறச்சொற்களும் வந்தன. காரி, செவலை, மயிலை, வெள்ளை, மறை, சுட்டி என்பன அவற்றுள் சில.

இவற்றுள் ‘மயிலை’ என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். கருமையும் வெண்மையும் கலந்த சாம்பல் நிறம் அது. காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பலாக மாறும். காளையாக வளர்ந்தால் திமிலும் கழுத்தும் கறுக்கும். காயடித்தால் அந்தக் கருமை தங்குவதில்லை. பசுக்கள் சாம்பலாகவோ வெள்ளையாகவோ நிற்கும். ஒரே விலங்கு தன் வாழ்நாளில் மூன்று நிறங்களைக் கடக்கிறது. எனவே மயிலை என்பது ஒரு நிறத்தின் பெயர் மட்டுமன்று. நிறமி நீர்த்து நிற்கும் ஒரு நிலையின் பெயர். மாட்டுத்தரகர் ‘வெள்ளை’ என்று சொல்லும் பசுவின் மயிரை விலக்கிப் பார்த்தால் அடியில் தோல் கரியது. மூக்கும் இமைமயிரும் குளம்பும் கரியவை. வெயில் நாட்டு மாட்டுக்கு இதைவிட வாய்ப்பான ஏற்பாடு இல்லை. வெளுத்த மயிர் வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது. கரிய தோல் கதிரைத் தாங்குகிறது. பாலார் எருமையில் தோலும் வெளுப்பு, மயிரும் வெளுப்பு, கண் மட்டும் கருமை. அல்பினோவில் மூன்றும் வெளுப்பு. மயிர், தோல், கண் என்ற இந்த மூன்றையும் வரிசையாகப் பார்க்கப் பழகிய மாணவன் ‘வெள்ளை’ என்ற ஒரே சொல்லில் சிக்கிக்கொள்ள மாட்டான்.

அடுத்து ‘மறை’. உடலின் நிறத்தினிடையே வெண்திட்டுகள் கொண்ட மாடு மறைமாடு. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலைமாடு செம்பழுப்பில் வெண்திட்டுகள் உடையது. அதைச் செம்மறை என்கின்றனர். நெற்றியில் மட்டும் வெண்திட்டு இருந்தால் அது சுட்டி. வெள்ளைக்கால், வால்வெள்ளை என்று இடம் சுட்டிச் சொல்வதும் உண்டு. இவ்விடங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள்: நெற்றி, கால்முனை, வால்முனை, வயிறு. கருவில் நிறமி உயிரணுக்கள் முதுகுத்தண்டின் ஓரத்தில் தோன்றி, அங்கிருந்து இரு பக்கமும் கீழ்நோக்கி ஊர்ந்து செல்கின்றன. பயணம் நடுவே நின்றுவிட்டால் அவை போய்ச் சேராமல் விடுபடும் இடங்கள் எவை? முதுகிலிருந்து மிகத் தொலைவிலுள்ள நெற்றி, கால்முனை, வால்முனை, வயிறு. நம் மாட்டுக்காரர் பெயர் வைத்த இடங்களும் இவையே. அவர்களுக்குக் கருவியல் தெரிந்திருந்தது என்று பெருமை பேச நாம் வரவில்லை. அத்தகைய பேச்சு தமிழுக்குச் செய்யும் தொண்டும் ஆகாது. கண்ணால் கண்டு, திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வருவதைக் கவனித்துப் பெயரிட்டார்கள். கவனித்ததனால் பெயர் நிலைத்தது.

திட்டு உள்ளதெல்லாம் பிறழ்வு என்றும் கொள்ளக் கூடாது. நம் காடுகளில் வாழும் தெனுக் என்னும் தாபிருக்கு முதுகும் வயிறும் சேணம் போட்டதுபோல் வெளுத்திருப்பது அந்த இனத்தின் இயல்பு. செலாடாங் எனப்படும் காட்டுமாட்டுக்கு முழங்காலுக்குக் கீழே வெண்மை; அதுவும் இயல்பு. அதே காட்டுமாடு, சங்க நூல்கள் ஆமா என்று சொல்வது, தமிழ்நாட்டில் உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கில் உடலெங்கும் வெளிர்சாம்பலாகக் காணப்பட்டுள்ளது. ஆங்கிலேய வேட்டையாடிகளின் வழக்கையொட்டி அதை வெள்ளைக் காட்டெருமை என்றும் அல்பினோ என்றும் எழுதுகின்றனர். நம் கொட்டகைச் சொல்லில் அது மயிலை. எது இயல்பு, எது பிறழ்வு என்பதுகூட இடத்தைப் பொறுத்தது. உலகின் பிற பகுதிகளில் கருஞ்சிறுத்தை அரிது; மலாயாத் தீபகற்பத்திலோ சிறுத்தைகள் ஏறத்தாழ எல்லாமே கரியவை. பெலும், தெமெங்கோர்க் காடுகளில் புள்ளி தெளிவாகத் தெரியும் சிறுத்தைதான் செய்தியாகும்.

இலக்கிய வழக்கிலும் வெண்மை ஒரு பொருளில் நிற்கவில்லை. தொல்காப்பியர் உரியியலில் கறுப்பையும் சிவப்பையும் வெகுளிப் பொருளுக்கு உரியனவாகவும், பின்னர் நிறத்துக்கும் உரியனவாகவும் கூறுகிறார். வள்ளுவர் புல்லறிவாண்மை அதிகாரத்தில் வெண்மை என்ற சொல்லை அறிவின்மைக்கு ஆள்கிறார். தெரிந்து தெளிதலில் வெளிறு என்பதை அறியாமைக்கு ஆள்கிறார். வெளிறு என்பது முதலில் வைரம் பாயாத மரம். மலைபடுகடாத்தில் ‘வெள்ளை’ என்ற சொல் தனித்து நின்றே வெள்ளாட்டைக் குறிக்கிறது; ஆனால் வெள்ளாடுகளில் கரியவை எத்தனை, செந்நிறத்தவை எத்தனை என்பதை ஆடு வளர்த்தவரிடம் கேளுங்கள். பெயர் ஒரு காலத்தில் நிறத்தைச் சுட்டி, பின் இனத்தின் பெயராக உறைந்துவிட்டது. ஈப்போவில் இருந்துகொண்டு இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. நம் ஊரின் புகழ்பெற்ற வெள்ளைக் காப்பி வெள்ளையா? சர்க்கரை சேர்த்துக் கருக வறுக்காத கொட்டையில் போட்டது என்பதே அங்கு ‘வெள்ளை’யின் பொருள்.

சங்க அகப்பாடல்களில் இன்னொரு சொல்லிணை உண்டு: மாமையும் பசலையும். மாமை, மாந்தளிர் போன்ற மேனிநிறம்; தலைவியின் அழகே அதுதான். தலைவன் பிரிந்தபோது அந்நிறம் நீங்கிப் படர்வது பசலை. நிறம் வெளுப்பதை இழப்பாகக் கண்ட மரபு நம்முடையது. பிற்காலத்தில் சிவப்பழகுக் களிம்புக்கு வரிசையில் நிற்கும் மரபாக அது எப்படித் திரிந்தது என்பது தனி உரைக்குரியது. நமக்கு வேண்டியது வேறு: பசலை என்பது ஒருத்தியின் நிலை, அவளது இனத்தின் பெயரன்று. நிலைக்கும் இனத்துக்கும் நோய்க்கும் தனித்தனிச் சொல் வைத்துக்கொண்டவர்கள் நம் முன்னோர்.

காகத்தைப் பற்றி ஒரு சொல். பொய்யை மெய்போல் சொல்பவனை ‘வெள்ளைக் காக்கை மல்லாந்து பறக்கிறது என்பான்’ என்று நம்மவர் எள்ளுவர். இந்நாட்டு ஊர்க்காகமும் நம்மைப் போலவே குடியேறிய உயிர்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காப்பித் தோட்டங்களில் புழுவை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. காப்பி போயிற்று, காகம் தங்கிற்று. வெள்ளை இறகு கொண்ட காகங்கள் நகரங்களில் காணப்படுவதுண்டு. பலவற்றில் அது பிறவியன்று. வயதாக ஆக இறகுகள் ஒவ்வொன்றாக வெளுக்கின்றன, அல்லது ஊட்டம் குன்றிய காலத்தில் முளைத்த இறகு நிறமின்றி வருகிறது. முன்னதை ஆங்கிலத்தில் ‘படிப்படியான நரைப்பு’ என்ற பொருளில் பெயரிட்டுள்ளனர். தமிழில் ‘நரை’ என்றால் முடிந்தது. புதுச்சொல் ஆக்கக் குழு கூட்டவேண்டிய தேவையில்லை.

நிறம் இழப்பது எப்போதும் குறைதானா என்று கேட்கும் மாணவர்க்கு நம் கிந்தா பள்ளத்தாக்குச் சுண்ணாம்புக் குன்றுகளைக் காட்டலாம். தலைமுறை தலைமுறையாக இருட்டிலேயே வாழும் குகையுயிர்கள் நிறத்தையும் சில வேளைகளில் கண்ணையும் துறந்துவிடுகின்றன. தீபகற்பத்தின் சுண்ணாம்புக் குகைகளில் வௌவாலைத் தின்று வாழும் ஒருவகைச் சாரைப்பாம்பு, வெளியில் வாழும் தன் உறவினத்தைவிட வெளிர்ந்த நிறம் உடையது. கேரளத்துக் கிணறுகளில் அகப்படும் ஹோராகிளானிஸ் என்னும் குருட்டுக் கெளிற்றுமீன், தோலில் நிறமி இன்மையால் உள்ளோடும் குருதியின் செம்மையே நிறமாகத் தோன்றும். மெக்சிகோ நாட்டுக் குகைமீன் ஒன்றில் நிறத்தைப் போக்கிய மரபணு, மனிதரில் ஒருவகை அல்பினிசத்துக்குக் காரணமான அதே மரபணு. வெளியே ஒளியில் வாழும் உயிருக்கு இடையூறாக இருப்பது, இருட்டில் வாழும் உயிருக்கு ஓர் இழப்பும் இல்லை. அங்கே நிறமி ஆக்குவதுதான் வீண்செலவு.

இவ்வளவும் சொன்னதன் பிறகு ‘நோய்’ என்ற சொல்லுக்கு வருகிறோம். 1908இல் ஆர்ச்சிபால்டு கேரட் என்னும் ஆங்கிலேய மருத்துவர், உடலின் வேதிவினையில் பிறவியிலேயே அமைந்த மாறுபாடுகளைப் பற்றி இலண்டனில் சொற்பொழிவாற்றினார். அவர் எடுத்துக்காட்டிய நான்கனுள் ஒன்று அல்பினிசம். தொற்றுவதன்று, வளர்வதன்று, மருந்தால் தீர்வதன்று. ஒரு நொதி வேலை செய்யாமையால் அமையும் பிறவி நிலை என்பது அன்றே சொல்லப்பட்டுவிட்டது. தமிழில் இன்னும் ‘வெண்தோல் நோய்’ என்று எழுதுகிறோம். சிலர் ‘பாண்டு’ என்கின்றனர். பாண்டு என்பது வெண்மைதான். பாரதத்தில் வெளிர்ந்து பிறந்த மன்னனுக்கு அதுவே பெயர். ஆனால் சித்த மருத்துவத்தில் பாண்டு என்பது குருதிச்சோகை. ஒரு சொல்லை இரண்டு நிலைக்கு வைத்தால் மருத்துவருக்கும் தொல்லை, பிள்ளைக்கும் தொல்லை.

பிள்ளைக்கு என்றோம். விலங்கைப் பற்றிய பாடத்தில் நாம் எழுதும் சொல், அடுத்த வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் மேல் போய் ஒட்டும். அல்பினிசத்துடன் பிறந்த குழந்தைகள் நம் தமிழ்ப்பள்ளிகளிலும் படிக்கக் கூடும். அன்று காலை பாடத்தில் ‘நோய்’ என்று படித்த வகுப்பு, அன்று மாலை அந்தப் பிள்ளையின் அருகில் உட்கார மறுப்பதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. தோலில் திட்டு வெளுப்பதற்கு ‘வெண்குட்டம்’ என்ற பெயர் எவ்வளவு துன்பம் செய்தது என்பதை எண்ணிப் பாருங்கள். தொழுநோய்க்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் சொல்லில் குட்டம் இருந்தது. தமிழ்நாட்டில் பாதிக்கப்பட்டோரே இயக்கமாகத் திரண்டு கேட்டதன்பேரில், அரசு அச்சொல்லை நீக்கி ‘வெண்புள்ளி’ என வழங்க ஆணையிட்டது. ஒரு சொல்லை மாற்ற முடியும் என்பதற்கு இது சான்று. ஐக்கிய நாடுகள் அவை 2014இல் தீர்மானித்தபடி சூன் 13ஆம் நாள் அல்பினிச விழிப்புணர்வு நாளாக உலகெங்கும் நினைவுகூரப்படுகிறது. அந்நாளில் சுவரொட்டி ஒட்டுவதைக் காட்டிலும் ஆசிரியர் செய்யக்கூடியவை வேறு உள்ளன. அந்தப் பிள்ளையை முன்வரிசையில், சன்னல் ஒளி முகத்தில் விழாத இடத்தில் அமர்த்துங்கள். மூக்குக்கண்ணாடி போட்டும் எழுத்து தெளிவாகத் தெரியாது என்பதை அறிந்து பெரிய எழுத்தில் தாள் கொடுங்கள். திறந்த திடலில் நடக்கும் காலைச் சபைகூடலில் தொப்பி அணிந்து நிழலில் நிற்க விடுங்கள்.

சொற்களைப் பற்றி நம் கருத்து இது. அல்பினிசத்துக்கு ‘நிறமியின்மை’ போதும். ‘நிறமின்மை’ என்று சுருக்க வேண்டா. நிறம் இல்லாத உயிர் இல்லை, நிறமி இல்லாத உயிர் உண்டு. ‘அல்பினோ’ என்றே எழுதினாலும் குற்றமில்லை. அது போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்கக் கரையில் வெளுத்துப் பிறந்த ஆப்பிரிக்கரைக் குறிக்க வழங்கிய சொல்; சன்னலும் மேசையும் சாவியும் வந்த அதே வாயில் வழியாக இதுவும் வரட்டும். உடல் வெளுத்துக் கண்ணில் நிறம் நிற்கும் நிலையை ‘வெளிர்மை’ எனலாம். ‘வெளிறல்’ என்று சிலர் எழுதுவதை நாம் ஏற்கவில்லை. வைரமின்மையும் அறியாமையும் அதில் ஏறிக்கிடக்கின்றன. திட்டாக வெளுப்பது மறை. நிறம் நீர்த்து நிற்பது மயிலை. வயதில் வெளுப்பது நரை. ‘மறைக் காகம்’, ‘மயிலைக் காட்டுமாடு’ என்று முதலில் எழுதும்போது காதுக்குப் புதிதாக இருக்கும். பத்து முறை எழுதினால் பழகிவிடும். மலேசியத் தமிழில் ‘பாலார் எருமை’ என்று எழுதுவதற்கும் நாம் தடை சொல்லவில்லை. கித்தாவை ஏற்றுக்கொண்ட மொழி பாலாரையும் ஏற்கும்.

மேலே நாம் சொன்ன கொட்டகைச் சொற்கள் ஆறு. தோட்டங்களில் வழங்கியவை அறுபதுக்குக் குறையாமல் இருந்திருக்கும் என்றே எண்ணுகிறோம். சேலத்திலிருந்து வந்தவர் ஒன்று சொல்லியிருப்பார்; திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்தவர் வேறு சொல்லியிருப்பார்; இரண்டும் ஒரே லயத்தில் கலந்து மூன்றாவது பிறந்திருக்கும். தோட்டங்கள் செம்பனையாயின, பின் வீடமைப்புத் திட்டங்களாயின. அடுக்குமாடி வீட்டில் மாட்டுக்கு இடமில்லை. மாடு போனால் மாட்டின் சொல்லும் போகும். சுங்கை சிப்புட், செம்மோர், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் பக்கங்களில் மாடு வளர்த்த மூத்தோர் இன்னும் இருக்கிறார்கள். ஆசிரியர்கள் விடுமுறைப் பணியாக மாணவரை அவர்களிடம் அனுப்பலாம். போகும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘இது என்ன நிறம்?’ என்று கேட்டால் தாத்தா வெள்ளை, கறுப்பு என்று உங்களுக்காக எளிமையாக்கிச் சொல்லிவிடுவார். மாட்டின் படத்தைக் கையில் கொடுத்து, ‘மந்தையில் இது தொலைந்துபோனால் தேடப் போகிறவரிடம் எப்படி அடையாளம் சொல்வீர்கள் தாத்தா?’ என்று கேளுங்கள். அப்போது வாயில் வருகிற சொல்தான் நமக்கு வேண்டிய சொல். அதை அவர் ஒலித்தபடியே எழுதுங்கள். தோட்டத்தின் பெயரையும், அவர் பெற்றோர் வந்த மாவட்டத்தையும், படத்திலிருந்த மாட்டின் மயிர், தோல், கண் மூன்றின் நிறத்தையும் அதன் கீழே குறித்து வையுங்கள்.